மேசை நடுவில் சிவப்புப் பூ

வெட்டிய காம்பிலிருந்து பால் வடியும். உடனே அதை மெழுகுவர்த்திச் சுடரில் காட்ட வேண்டும். மெல்லச் சீறும், பச்சை கருகும் மணம் வரும், நுனி கறுத்துப் பால் நின்றுவிடும். அப்படிச் சுட்ட பூ நாட்கணக்கில் நிற்கும். சுடாத பூவோ மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தலையைத் தொங்கப்போட்டுவிடும். டிசம்பரில் கண்டிப் பக்கத்து வேலிகளில் மேலிலைகள் எல்லாம் சிவந்து, இலையே பூவாக நிற்கும் அந்தச் செடியை எங்கள் வீட்டில் நத்தார்ப் பூ, அதாவது கிறிஸ்துமஸ் பூ, என்போம். அதன் காம்பை நான் முதன்முதலில் சுட்டது அன்ரியின் சாப்பாட்டு மேசையில்.

அன்ரி எனக்கு உறவில்லை. தொலைபேசி நிலையத்தில் அடுத்தடுத்த கதிரைகளில் உட்கார்ந்து ஊராரின் அழைப்புகளை இணைத்துக் கொடுத்தவர்கள் நாங்கள். நான் நாவலப்பிட்டிக் கடைக்காரர் மகள், சைவம். அவர் யாழ்ப்பாணத்து வேதக்காரர், என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். கண்டியை அடுத்த அம்பிட்டியவில் அவர் வீட்டு முன்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். பிள்ளைகள் இல்லாத வீடு அது. ஆனால் நத்தார் மதியத்தில் கதிரைகள் போதாமல் தையல் மெசின் ஸ்டூலையும் இழுத்துப் போட வேண்டியிருக்கும்.

மேசையின் நடுவில் ஒரு வருடம் வைத்ததை அன்ரி மறு வருடம் வைக்கமாட்டார். ஒரு தடவை பித்தளைக் குடத்தில் கமுகம்பூ, இன்னொரு தடவை உடம்பெல்லாம் கராம்பு குத்திய ஜம்போலா என்கிற பம்ளிமாஸ் பழங்கள். ஹந்தானை மலையில் பொறுக்கிய பைன் காய்களுக்கு நடுவே அரிக்கன் லாம்பின் கண்ணாடியைக் கவிழ்த்து, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றிய வருடமும் உண்டு. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத, பளபளப்புத் தாள்கூடக் கடையில் கிடைக்காத காலம் அது. இன்று கண்டிக் கடைகளில் பிளாஸ்டிக் இலையில் பிளாஸ்டிக் பனி தூவி விற்கிறார்கள். கண்டியில் எப்போது பனி கொட்டியது என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் கேட்பேன். கடைக்காரர் இப்போதெல்லாம் என்னைக் கண்டதும் உள்ளே போய்விடுகிறார்.

மேசைத் தலைப்பில் கைப்பிடி வைத்த கதிரை அன்ரியின் கணவர், எங்கள் அங்கிளுடையது. "பூவைத்தான் தின்னப்போறமோ? சோத்துக்கோப்பையை எங்கை வைக்கிறது?" என்று வருடா வருடம் கேட்பார். கேட்டுவிட்டு, கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு மகிழ்ச்சியாகச் சாப்பிடுவார். நல்ல மனுசன். ஒரு ஆவணி மாதத்தில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

அந்த வருட நத்தார் நெருங்கியபோது அங்கிளின் அண்ணன் குருநாகலிலிருந்து வந்தார். "இந்த முறை எங்கடை வீட்டிலை செய்வம் பிள்ளை. நீயும் சாமான்களைக் கட்டிக்கொண்டு அங்கை வந்திரு. வீட்டுத் திறப்பைத் தா, ஆரேனையும் வாடகைக்கு இருத்தலாம்" என்றார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை பிடிப்பது இலேசாக இருந்திருக்கும். தனியாகிவிட்ட பெண் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு அடுத்தவர் வீட்டுப் பின்னறையில் ஒதுங்கிக்கொள்வதுதான் முறை என்று மனதார நம்பியவர், அவ்வளவுதான். நத்தார்ச் சாப்பாடு அங்கே போனால் வீடும் கைவிட்டுப் போய்விடும் என்பது அன்ரிக்குத் தெரியும். "சாப்பாடு இஞ்சைதான். நீங்கள் எல்லாரும் வாங்கோ" என்றார். வீட்டுச் சாவியான அந்தத் திறப்பு அவர் இடுப்பிலேயே இருந்தது.

நத்தார் காலையில் வேலியிலிருந்து கை நிறைய அந்தச் சிவப்பை வெட்டி வந்தார். அவர் வெட்ட வெட்ட நான் சுட்டேன். பித்தளைத் தாம்பாளத்தில் ஈரப்பாசியைப் பரப்பி, நடுவே பூக்களைக் குத்தி நிறுத்தினோம். வெள்ளைச் சேலை உடுத்துவார் என்று நினைத்திருந்தேன், நீலத்தில் வந்து நின்றார். எனக்கே ஒரு கணம் பயமாக இருந்தது.

விருந்தாளிகள் நத்தார் ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்தபோது நாங்கள் இருவரும் குசினியில் நின்றோம். அந்த இடைவெளியில் அண்ணனின் மனைவி தாம்பாளத்தைத் தூக்கிப் பின்விறாந்தையில் வைத்துவிட்டார். சுவரில் இருந்த அங்கிளின் படத்தைக் கழற்றி மேசை நடுவில் நிறுத்தி, மல்லிகை தூவி, முன்னால் ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டார். மஞ்சள் சோற்றோடு நாங்கள் வந்தபோது எல்லோரும் தலையைக் குனிந்து நின்றார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சாப்பாட்டு மேசை செத்தவீடாகிவிட்டிருந்தது.

அன்ரி சோற்றை வைத்தார். படத்தைப் பார்த்தார்.

"அவர் ஒருநாளும் மேசைக்கு நடுவிலை குந்தியிருந்து சாப்பிடேல்லையே. கதிரையிலைதானே இருந்தவர்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவர் படத்தை எடுத்துச் சேலைத்தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டுத் திரும்பி, "எங்கை என்ரை பூ?" என்று கேட்டார்.

"பின்னாடி விறாந்தையில வச்சிருக்காங்க அன்ரி, எடுத்துட்டு வரவா?"

"ஓம், கொண்டு வா."

வெயிலில் கிடந்தும் ஒரு பூகூடத் துவளவில்லை. தாம்பாளத்தை மேசை நடுவில் வைத்தேன்.

"தம்பி போய் ஒரு வருசம் திரும்பேல்லை பிள்ளை. சிவப்புப் பூவோ?" என்றார் அண்ணன்.

"செத்தது அவர். நான் இருக்கிறன்."

சொல்லிவிட்டு, கைப்பிடி வைத்த அந்தக் கதிரையை இழுத்து அதில் இருந்தார். சோற்றுக் கரண்டியைக் கையில் எடுத்தார். பிறகு அண்ணன்தான் முதலில் கோப்பையை நீட்டினார். அவர் மனைவி மட்டும் மேசைக்கு வரவேயில்லை. போகும்போது கோழிக்கறியில் ஒரு சட்டி கட்டி எடுத்துக்கொண்டு போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திறப்பைப் பற்றி அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. அன்ரி கடைசி வரை அந்த வீட்டில்தான் இருந்தார்.

சைவ வீட்டில் நத்தார் மேசை எதற்கு என்று கல்யாணமான புதிதில் என் மாமியார் கேட்டார். பொங்கலுக்குக் கூப்பிட்டால் வருகிறவர்களை நத்தாருக்கும் கூப்பிடுகிறேன் என்றேன். அன்றிலிருந்து ஒரு வருடமும் விட்டதில்லை.

என் கணவர் இந்த வருடம் ஆடியில் போய்விட்டார். போன வாரம் மகன் கொழும்பிலிருந்து பேசினான். "இந்த வருஷம் ஒன்னும் வேணாம்மா. அப்பா போயி ஆறு மாசம்கூட ஆகல, ஆளுங்க என்ன பேசுவாங்க? வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துருங்க" என்றான். என்மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறான். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"பேசட்டும். நீ மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துரு. வரும்போது ஐஸ்கிரீம் வாங்கிட்டு வா" என்றேன்.

இன்று காலை வேலியோரம் போய்க் கை நிறைய வெட்டி வந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஒவ்வொரு காம்பாகச் சுட்டேன். அதே சீறல், அதே கருகல் மணம். ஒன்றைச் சுடும்போது அழுகை வந்தது. அழுதுகொண்டே அடுத்ததை எடுத்தேன். பூ இப்போது மேசை நடுவில் நிற்கிறது. என் கணவரின் படம் சுவரில் அதன் ஆணியில் இருக்கிறது. அவருடைய கதிரையைத் துடைத்து மேசைத் தலைப்பில் போட்டிருக்கிறேன். அதில் நான்தான் இருக்கப்போகிறேன்.