பல்லால் கேட்டவர்

எனக்கு நாக்கு நீளம், கைத்திறமை குட்டை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவனுக்கு இயந்திரம் தெரியாமலா போகும் என்று எண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, முந்தின நாள்தான் பிரித்துப் பூட்டிப் புதுசாக்கி வந்த எஞ்சினைக் கழற்றினேன். பேய் பிசாசெல்லாம் கரண்ட் வராத ஊரின் பொழுதுபோக்கு என்று வகுப்பில் சொல்லிச் சிரித்தவனும் நான்தான். நீங்கள் நம்பப்போவதில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

எழுபதுகளின் கடைசி. வெள்ளைக்காரன் காலத்துக் கார் அது. சோழவந்தான் பக்கம் ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரர் கொட்டகையில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்ததை வாங்கி வந்தேன். எஞ்சினைப் புதுசாக்கிக் கொடுத்தவர் சோலை. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் பட்டறை. முப்பது வருஷம் எஞ்சின் சத்தத்திலேயே கிடந்ததில் மனுஷனுக்குக் காது ஏறக்குறையப் போய்விட்டது. அதனால் திருப்புளியின் முனையை ஓடுகிற எஞ்சினில் ஊன்றி, மரப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். சத்தம் தாடை வழியாக மண்டைக்குள் போகும். பிடி முழுக்கப் பல் தடம். எலும்பு சத்தத்தைக் கடத்தும் என்பது சுத்தமான இயற்பியல், நானே பாடம் நடத்தியிருக்கிறேன்.

எஞ்சினுக்குள்ளே பிஸ்டனோடு சேர்ந்த நாலு ராடு, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மூடி. அந்த மூடி அந்த ராடுக்கு மட்டும்தான் பொருந்தும். மாறிவிடக் கூடாதென்று சோலை உளியால் புள்ளி வைத்திருந்தார். ரெண்டாவதற்கு ரெண்டு புள்ளி, மூணாவதற்கு மூணு. நான் அதைக் கீறல் என்று நினைத்தேன். பளபளப்பைப் பார்க்கிற ஆசையில் நடு மூடி இரண்டையும் கழற்றி, திரும்பப் பூட்டும்போது மாற்றிப் பூட்டினேன். அடியிலிருக்கிற எண்ணெய்த் தொட்டி கசியாமல் அடைக்கிற பேக்கிங்கும் கிழிந்துபோனது. அதற்குச் சுவரில் தொங்கிய காலண்டர் அட்டையை வெட்டி வைத்தேன். லட்சுமியின் யானை பாதி உள்ளே போயிற்று.

மறுநாள் கார் பார்க்க வந்த சக வாத்தியார்கள் முன்னால் எஞ்சின் டொக், டொக் என்று அடித்தது. ஆளனுப்பினேன். சோலை வந்து பிடியைக் கடித்தார், கண்ணைத் திறந்தார்.

"சார், ரெண்டும் மூணும் மூடி மாறிக் கெடக்கு. நான் பூட்டுனது இது இல்ல. யாரோ கழட்டிருக்காக."

"ஏன்யா, காதால கேக்க வேண்டியதப் பல்லால கேட்டா இப்படித்தான். நீர் மெக்கானிக்கா, பல் டாக்டரா?"

தெருவே சிரித்தது. எனக்கே என் நகைச்சுவை மேல் கொஞ்சம் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

அவர் சிரிக்கவில்லை. "எல்லார் முன்னாடியும் தொறந்து காட்டுறேன் சார். அம்புட்டுத்தான் கேக்குறேன்."

திறந்தால் யானை வெளியே வந்துவிடுமே. "ஒருதரம் கெடுத்தது போதும், கிளம்பும்" என்றேன்.

பல் டாக்டர் என்கிற பேர் தெப்பக்குளத்தைச் சுற்றி வர ஒரு வாரம்கூட ஆகவில்லை. பட்டறைக்கு வண்டி வருவது நின்றது. ஆனாலும் மனுஷன் மாசத்துக்கு ரெண்டு தடவை என் வாசலில் வந்து நிற்பார். "தொறந்து பாத்துருவமா சார்?" அந்த ஒரே கேள்வி. நான் உள்ளே இருந்துகொண்டு ஊரில் இல்லை என்று சொல்லச் சொல்வேன். பிறகு அலங்காநல்லூர் பக்கம் கரும்பு லாரிகளுக்குச் சில்லறை வேலை பார்க்கப் போனார். அங்கே ஒரு நாள் ஜாக்கி நழுவி, லாரிக்கு அடியிலேயே முடிந்துபோனார். அந்தப் பேர் அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்ததாம்.

அடுத்த சித்திரையில், அன்றிலிருந்து ஓட்டாமல் கிடந்த காரை விற்கலாமென்று அவர் மச்சினன் முத்தையாவைக் கூப்பிட்டேன். அவனும் மெக்கானிக். சோலையின் பெட்டியோடு வந்தான். பகல் பதினோரு மணி, வெயில் மண்டையைப் பிளக்கிறது, பேய்க்கதைக்குக் கொஞ்சமும் லாயக்கில்லாத நேரம். எஞ்சினைக் கிளப்பினான். அதே டொக், டொக்.

"நீங்களே கேளுங்க சார்" என்று அந்தத் திருப்புளியை நீட்டினான். கிண்டலா, தெரியவில்லை. கடித்தேன். சோலையின் பல் பதிந்த பள்ளத்தில் என் பல் போய் உட்கார்ந்தது.

முதலில் டொக், டொக். அப்புறம் அதற்கு நடுவே இன்னொரு சத்தம். நட்டு முறுக்குகிற சத்தம். க்ரக்... க்ரக்... நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றுகிற எஞ்சினுக்குள்ளே ஒருத்தர் நிதானமாக ஸ்பானர் போடுகிறார். ஒவ்வொரு முறுக்குக்கும் ஒரு மூச்சு, கனமான பொருளுக்கு அடியில் படுத்திருக்கிறவன் விடுகிற மூச்சு. மூடிக்கு ரெண்டாக நாலு நட்டு. எண்ணினேன். நாலாவது இறுகியதும் டொக் நின்றுவிட்டது.

"என்ன சார் பண்ணீக? சத்தத்தக் காணோம்?" டொக் நின்றது முத்தையாவுக்கும் தெரிந்தது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"திற" என்றேன். குரல் எனக்கே புதுசாக இருந்தது. தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அன்றைக்குச் சிரித்தவர்களும் இருந்தார்கள். தொட்டியை இறக்கினான். ரெண்டு புள்ளி ரெண்டாவதில், மூணு புள்ளி மூணாவதில். எல்லாம் அதனதன் இடத்தில். தொட்டி விளிம்பில் நான் வெட்டி வைத்த அட்டை, எண்ணெயில் ஊறி, கிழியாமல், அதே அரை யானையோடு. இடையில் யாரும் திறக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

முத்தையா அட்டையைத் தூக்கிப் பார்த்தான். முகம் சுருங்கிப்போனது. "காலண்டர் அட்டையா! அத்தான் இம்புட்டுக் கேவலமா வேலை பாத்துருக்காரே."

யோசித்துப் பாருங்கள். மாறிக் கிடந்ததை அப்படியே விட்டிருந்தால் அவர் சொன்னது நிஜமென்று தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். அந்த மனுஷனுக்கு வேலை தப்பாகக் கிடப்பதுதான் பொறுக்கவில்லை. சரி செய்துவிட்டார், அதனாலேயே அவர் மானம் போயிற்று.

அங்கேயே, எல்லார் முன்னாலும், சத்தம் போட்டுச் சொன்னேன். கழற்றியது நான், மாற்றியது நான், யானையை வெட்டியது நான். என் வாழ்நாளில் நான் பேசிய ஒரே உருப்படியான பேச்சு அது.

இப்போதும் முறுக்கோ சீடையோ கடித்தால் தாடைக்குள் க்ரக், க்ரக் என்று நாலு தரம் முறுக்குகிற சத்தம் கேட்கிறது, நடுவே அந்த மூச்சு. மூன்று பல்லைப் பிடுங்கியும் பார்த்தாயிற்று.

முத்தையா அன்றைக்கு என்ன சொன்னான் என்று கேட்கிறீர்களா? அட்டையைக் குப்பையில் போட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"செத்தவருக்காகப் பொய் சொல்லாதீக சார். நீங்க கழட்டிருந்தா இம்புட்டுச் சரியா மாட்டிருக்க மாட்டீக."