மூன்று வெட்டுத் தகடு

ஹமீது பாய் மவுத்தாகிவிட்டார் என்று அவருடைய மருமகன் நெசவாளர் சங்கத்து வாசலில் வந்து சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. இனி அவரிடம் பேசித் தீர்க்க முடியாதே என்ற பயம்தான் முதலில் வந்தது.

அவர் பட்டுத்தறிகளுக்கு அட்டை குத்துவார்; எந்த இழை எழும்ப வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்த அட்டையின் ஓட்டைகள்தான். நான் அவற்றை நெசவாளர் வீடுகளில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அட்டையில் ஓர் ஓட்டை தவறினால் சேலைக் கரையில் ஓர் இழை தப்பாக எழும்பும். அதைக் கண்டுபிடிக்க, வாலாஜாபாத் பட்டறை ஒன்றில் பார்த்த, ஓட்டைகள் போட்ட தகரத் தகட்டை பாய் நகலெடுத்து வந்தார். அட்டையை அதன்மேல் வைத்து வெயிலில் பிடித்தால் சரியான ஓட்டையில் வெளிச்சம் வரும், தப்பான ஓட்டை இருட்டாக நிற்கும். எங்கள் தறிகளுக்கு ஏற்றபடி அதைத் திருத்தினார். கரை மாறும்போதெல்லாம் தகடும் மாறியது. அடையாளத்துக்கு முதல் தகட்டின் ஓரத்தில் ஒரு வெட்டு, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று.

"பழசு உள்ள வராம புதுசு வெளிய போவக் கூடாதுபா. ரெண்டும் ஒரே வீட்ல இருந்தா, கைக்குக் கெடச்சத எடுப்பாங்க. மனுசன்தானே" என்பார்.

மூன்று வெட்டுத் தகடுகளை வீடு வீடாகக் கொடுத்த அன்று, பிள்ளையார்பாளையத்து ஏகாம்பரம் பழைய தகடு பரண்மேல் இருக்கிறது என்றார். எனக்குச் செவிலிமேடு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். "இருக்கட்டும்னு பாயே சொன்னாரு" என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டு வந்தேன். பட்டியலில் அது திரும்பி வந்ததாகவும் எழுதிவைத்தேன்.

நாலாம் நாள் பாய் பழைய தகடுகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. "யார் வூட்லபா?" என்றார்.

"எல்லாம் வந்துட்ச்சி பாய். சரியா எண்ணுங்க."

மறுபடி எண்ணினார். மூன்றாவது தடவையும் எண்ணினார். வேலை போய்விடுமே என்று நானும் கூட எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். கடைசியில் ஏகாம்பரம் வீட்டுக்குள் நுழைந்தோம். தறியடியில் இரண்டு வெட்டுத் தகடு கிடந்தது. பழைய கரையின் அட்டை ஒன்று புதிய அட்டைகளைக் கோத்த சரத்தில் கலந்திருக்கிறது. பழைய தகடு அதைச் சரி என்று காட்டிவிட்டது. ஒரு முழத்துக்குக் கரை முழுக்க இழை தெறித்து நின்றது. அது ஏகாம்பரம் மகளின் கல்யாணச் சேலை. அந்தப் பெண் தறியோரம் நின்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழசு இருக்கட்டும்னு நீங்கதான சொல்லி அனுப்ச்சீங்க பாய்?" என்றார் ஏகாம்பரம்.

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். செத்தேன் என்று நினைத்தேன்.

"ஆமாபா. என் தப்புதான். வா, பிரிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுத் தறிக்குழியில் இறங்கினார். நானும் உட்கார்ந்து பிரித்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள்தான் சேலை தறியிலிருந்து இறங்கியது.

திரும்பும் வழியில் பாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பயந்துட்டியா?"

"ஆமா பாய்."

"நானும்தான்."

அதன்பின் ஒரு நாளும் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. எடுக்க எனக்கும் துணிவில்லை.

அடக்கத்துக்கு ஏகாம்பரமும் வந்திருந்தார். "பாய் ஆயுசுல ஒரே ஒரு தப்புதான் பண்ணாரு. அதயும் அவரே ஒத்துக்கினாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அவரை அறிந்தவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பாயிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அவர் தன்மேல் போட்டுக்கொண்ட அந்த ஒரு தப்புதான். அது அவருடையதல்ல ஏகாம்பரம், என்னுடையது.