இரண்டு பூட்டுப் போட்ட எஞ்சின் கொட்டகை

ஆயில் எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு எஞ்சினைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்தால் போதும். அதைச் சுற்றி நிற்கிற ஆட்களைப் பற்றித்தான் முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். திருக்காட்டுப்பள்ளி சுற்றுவட்டாரத்தில் பதினாறு வருஷம் சைக்கிளில் ஸ்பேனர் பையை மாட்டிக்கொண்டு அலைந்தவன் சொல்கிறேன். கையில் கிரீஸ் ஒட்டிய சக பாவிகளே, இரண்டு பேர் சண்டைக்கு நடுவில் குனிந்து நட்டுக் கழற்றியவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

அந்த நாளில் ஊருக்குள் ஆளுக்கொரு கொடி. டீக்கடையில் கறுப்பு சிவப்பு, தெருக்கோடியில் வெறும் சிவப்பு, மிராசுதார்களுக்குத் தனியாக ஒரு சங்கம். எஞ்சினுக்கு மட்டும் கட்சி கிடையாது, எல்லோருக்கும் பாரபட்சமில்லாமல் மக்கர் பண்ணும்.

பேர் யாருடையது

ஒருவர் பேரில் இவ்வளவு நிலம்தான் இருக்கலாம் என்று உச்சவரம்புச் சட்டம் வந்த புதிது. ஒரு பெரிய மிராசுதார் தன் நிலத்தையெல்லாம் சமையல்காரர், மாடு மேய்க்கிறவர், மச்சினனுக்கு மச்சினன் என்று கண்ணில் பட்டவர் பேரிலெல்லாம் எழுதி வைத்துவிட்டார். அதன்பிறகு ராத்தூக்கம் போய்விட்டது. நேற்று வரை அதட்டிக்கொண்டிருந்த சமையல்காரரிடம் குழம்பில் உப்பு கம்மி என்று சொல்லக்கூடப் பயம். நிலத்தோடு சேர்த்து எஞ்சினும் மாடு மேய்க்கிறவர் பேருக்குப் போயிருந்தது.

ரிப்பேர் முடிந்ததும் என் நோட்டில் யார் பேரை எழுதுவது என்று நான் கேட்டேன். மாடு மேய்க்கிறவர் மிராசுதார் முகத்தைப் பார்த்தார். மிராசுதார் என்னை முறைத்தார்.

"எஞ்சின் என்னுது. பேரு மட்டும் அவனுது. ரிப்பேர் உன்னுது. இதுல உனக்கு என்னய்யா சந்தேகம்?"

இரண்டு சாவி

மரகதம் டீச்சருக்கு அப்போது வயது முப்பத்து மூன்று. கல்யாணமாகவில்லை. அப்பா போன பிறகு மிஞ்சியது பஞ்சாயத்து ஸ்கூல் வேலையும் குடமுருட்டிக் கரையில் அரை வேலி நிலமும்தான். அந்த நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர் ராஜமாணிக்கம். நாற்பதை நெருங்கிய ஒண்டிக்கட்டை. குத்தகைக்காரர் பேரைத் தாலுகா ஆபீஸில் பதியச் சொல்லிச் சட்டம் வந்திருந்தது. பதிந்துவிட்டால் ஆளை நிலத்திலிருந்து லேசில் கிளப்ப முடியாது. ராஜமாணிக்கம் மனு போட்டார், டீச்சர் ஆட்சேபணை போட்டார்.

எஞ்சின் டீச்சருடையது. அதைக் கழற்றிக்கொண்டு போய்த் தன்னைத் துரத்திவிடுவார் என்று ராஜமாணிக்கத்துக்குப் பயம். விற்றுத் தின்றுவிடுவார் என்று டீச்சருக்குப் பயம். ஊரில் பேசி முடித்து, கொட்டகைக் கதவுக்கு ஆளுக்கொரு பூட்டுப் போட்டார்கள். தண்ணீர் பாய்ச்சுகிற நாளில் டீச்சர் விடியற்காலையில் வந்து தன் பூட்டைத் திறந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் பள்ளிக்கூடம் போவார். எஞ்சின் கெட்டால் மட்டும் நான் வேலை முடிக்கிற வரை இருவரும் நின்றாக வேண்டும். ஒருவர் நகர்ந்தால் மற்றவர் என்னோடு சேர்ந்து எஞ்சினின் குடலை உருவிவிடுவாராம். என் யோக்கியதையை அவ்வளவு உயரத்தில் வைத்திருந்தார்கள்.

ஒருநாள் டீச்சருக்காக ஒன்றரை மணி நேரம் வெயிலில் காத்துக் கிடந்தேன். கடுப்பில், சாவியை ராஜமாணிக்கத்திடம் கொடுத்து வைக்கக்கூடாதா என்று கேட்டுவிட்டேன்.

"சாவிய அவர்கிட்ட குடுக்குறதுக்கு நிலத்தையே குடுத்துட்டுப் போயிடலாமே."

மைனா

குறுவை நாற்றங்கால் நேரம். எஞ்சின் கிளம்பவில்லை என்று ஆள் வந்தது. போனால் வழக்கம்போல டீச்சர் மேற்கே நின்று பரீட்சைப் பேப்பர் திருத்துகிறார், ராஜமாணிக்கம் கிழக்கே நின்று வானத்தைத் திருத்துகிறார். நான் நாசிலைக் கழற்றினேன், வால்வைப் பார்த்தேன், டீசலை முகர்ந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மூன்று மணி நேரம் கழித்துத்தான், சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சைலன்சர் குழாயைப் பார்க்கத் தோன்றியது. உள்ளே வைக்கோல் பிரி ஒன்று, முறுக்கு அவிழாமல் கச்சிதமாக அடைத்திருந்தது.

அதற்குள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்து மேட்டூர் திறப்பது வரை பேசி முடித்திருந்தார்கள். நான் பிரியைத் தூக்கிக் காட்டினேன். மைனா கூடு கட்டியிருக்கும் என்று ராஜமாணிக்கம் வானத்தைப் பார்த்துச் சொன்னார். டீச்சர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"மைனா இவ்வளவு அழகாவா பிரி முறுக்கும்?"

வெள்ளைத் தூள்

பன்னிரண்டே நாள். மறுபடியும் ஆள் வந்தது. இந்த முறை நான் நேராகச் சைலன்சருக்குப் போனேன். கையை விட்டதும் துணி வந்தது. உதறினால் மூக்கில் வெள்ளைத் தூள் ஏறி நாலு தும்மல். இந்த உலகத்தில் சாக்பீஸ் துடைக்கிற துணியை எஞ்சினில் திணிக்கக்கூடியவர் யார் என்று கண்டுபிடிக்கப் போலீஸ் வேண்டியதில்லை. டீச்சர் குனிந்து ஒரே பேப்பரைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தார். காது சிவந்து கிடந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதற்காகவா எட்டு மைல் சைக்கிள் மிதித்தேன் என்று கத்த ஆரம்பித்தேன். ராஜமாணிக்கம் என் கையிலிருந்து அந்தத் துணியை வாங்கி, பதமாக மடித்து, இடுப்பு மடியில் செருகிக்கொண்டார்.

"மைனாவாத்தான் இருக்கும். விடுங்க மெக்கானிக்."

சிரித்தால் பயம்

இவ்வளவு ஆன பிறகு நேராகப் பேசிக்கொள்வதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். டீச்சர் கதை இது: பெண் பார்க்க வந்த மூன்று மாப்பிள்ளைகளும் காபி குடித்த கையோடு வயலைப் பார்க்கப் போனார்களாம். குத்தகைக்காரர் இருக்கிறார் என்று தெரிந்ததும் மூவரும் திரும்பி வீட்டுக்கு வரவில்லை, அப்படியே பஸ் ஏறிவிட்டார்களாம். ராஜமாணிக்கமும் நிலத்துக்காகத்தான் சுற்றுகிறார் என்று ஊரே சொல்கிறபோது, தான் எதை நம்புவது என்று கேட்டார்.

ராஜமாணிக்கத்தின் கதை வேறு. அவர் அப்பா ஒரு மிராசுதாரிடம் இருபது வருஷம் உழுதவர். ஒருநாள் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, சிரித்துப் பேசி வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கினார்களாம். மறுவாரம் குடும்பம் ரோட்டில் நின்றது. சாகிற வரைக்கும் அவர் அப்பா மோர் குடிக்கவில்லையாம்.

"சண்ட போட்டாங்கன்னா சமாளிச்சுப்பேன் மெக்கானிக். டீச்சர் சிரிச்சுப் பேசுறப்பதான் கையி காலு நடுங்குது."

தாலுகா ஆபீஸ்

விசாரணைக்கு என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த எஞ்சினை இத்தனை வருஷமாக ஓட்டியவர் யார் என்று நான் சொல்ல வேண்டும். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே டீச்சர் எழுந்து, ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கொள்வதாகவும், சாகுபடி செய்வது ராஜமாணிக்கம்தான் என்றும், அவர் பேரையே பதியலாம் என்றும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ராஜமாணிக்கம் ஏதோ கேஸில் தோற்றவர் போல நின்றார். பிறகு யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

புளியமரத்தடியில் டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். கையில் இருந்த ஒரே பிடிமானத்தையும் விட்டுவிட்டீர்களே, நாளைக்கு அவர் திரும்பியும் பார்க்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதுதான் தனக்கும் பயம் என்று ஒளிக்காமல் சொன்னார்.

"இனிமே என்கிட்ட அவருக்கு ஆக வேண்டியது ஒண்ணும் இல்ல. இதுக்கப்புறமும் வந்தா, வரட்டும்."

அடிபம்பு

வரவில்லை. சம்பா அறுத்தாயிற்று. குத்தகை நெல்லைக்கூட வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பினார் ராஜமாணிக்கம். ஊர் சொன்னது சரிதான், காரியம் முடிந்ததும் ஆள் கழன்றுகொண்டார் என்று நானும் அவரை மனசாரத் திட்டினேன். டீச்சர் திட்டவில்லை. இளைத்துப் போயிருந்தார், அவ்வளவுதான்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டு அடிபம்பில் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ராஜமாணிக்கம் வந்து நின்றார். துவைத்த வேட்டி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. டீச்சர் நிலைப்படியைத் தாண்டவில்லை. எஞ்சினில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். வயலில் உளுந்து கிடக்கிறது, எஞ்சினுக்கு இப்போது என்ன வேலை என்றார் ராஜமாணிக்கம். தாலுகா ஆபீஸில் இன்னும் ஏதாவது கையெழுத்து வேண்டுமா என்று கேட்டார் டீச்சர். அதெல்லாம் ஒன்றும் இல்லை என்றார். நான் இருப்பது தெரிந்துவிடக்கூடாதே என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

உடனே வந்திருந்தால் நிலத்துக்கு நன்றி சொல்ல வந்தது போல ஆகியிருக்கும், அதனால்தான் தாமதித்தேன் என்று ராஜமாணிக்கம் தரையைப் பார்த்துச் சொன்னார். சும்மாதான் வந்தேன், பார்க்க வேண்டும் போல இருந்தது என்றார். டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது, கிரீஸ் கையோடு துடைத்து முகமெல்லாம் கரியானது. பிறகு டீச்சர் என் பக்கம் திரும்பினார். பம்பு பிரித்தபடி கிடந்தது, புது வாஷர் என் பல்லிடுக்கில் இருந்தது.

"அவர் உள்ள வரட்டும். மெக்கானிக், நீங்க நாளைக்கு வாங்களேன்."

அந்த எஞ்சின் அதன் பிறகு இரண்டு வருஷம் கெடவே இல்லை என்பதால், அடுத்தவர் கல்யாணத்தில் மூக்கை நுழைத்து நல்ல வாடிக்கை ஒன்றை நானே பாழாக்கிக்கொண்டேன் என்பதைத் தொழில் நண்பர்கள் ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவும்.