பெட்டி வந்த தேதி

அந்தத் தண்ணீர்ப் பம்பு கம்பெனியில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு 'இல்லக்கா' என்று பெயர். யார் எதைக் கேட்டு ஜன்னலில் வந்து நின்றாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது 'இல்லை'தான். பேரிங் இருக்கா? இல்லை. போல்ட்? இல்லை. ஒருமுறை மணி என்ன என்று கேட்டவனுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டாள் என்று அசெம்ப்ளியில் ஒரு கதை ஓடியது. கதை பொய்தான், ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் நம்பினார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, கம்பெனி அவளால்தான் நின்றது. அறுபது தேவைப்படுகிறவன் நூறு என்று சீட்டு எழுதிக்கொண்டு வருவான். நூற்றைம்பது வைத்திருப்பவள் நாற்பதுதான் இருக்கிறது என்பாள். இரண்டு பேரும் கொஞ்சநேரம் சண்டை போட்டு அறுபதுக்கு வந்து சேருவார்கள். இருவருக்கும் திருப்தி. அவள் மறைத்த சரக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் இருக்கும். எந்தக் கணக்கு அட்டையிலும் ஏறாத சரக்கு. சாவி அவளிடம் மட்டும். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்த எத்தனையோ சமயங்களில், "தேடிப் பாக்கறேன் சார்" என்று போய், அந்த அறையிலிருந்து எடுத்து வந்து மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். வீட்டிலும் இதே கதைதான். சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று இரண்டு நாள் கசப்புக் காப்பி கொடுப்பாள்; விருந்தாளி வந்தால் டப்பா எங்கிருந்தோ முளைத்துவிடும். தையற்கடை வைத்திருக்கும் அவள் கணவர், "என்னையே எங்கியாவது ஒளிச்சு வச்சிட்டு இல்லன்னுடுவா" என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஆறு பேரோடு ஒரு கொட்டகையில் தொடங்கிய கம்பெனி பத்தொன்பது வருடத்தில் மூன்று கொட்டகையாகி, இருநூறு பேராகிவிட்டது. ஒரு கொட்டகையில் ஷாஃப்ட் குவிந்து கிடக்கும்போதே இன்னொரு கொட்டகைக்காரன் அதே ஷாஃப்ட்டுக்கு ஆர்டர் போட்டான். முதலாளி ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, "ஸ்டாக்கு பாக்க ஒரு சாஃப்ட்வேர் வாங்கிடுவோம்மா. ரெண்டு கம்பெனிக்காரங்களை வரச்சொல்லியிருக்கேன். நீங்க எது சொல்றீங்களோ அதத்தான் வாங்குவேன்" என்றார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பத்தாவது படித்தவள், கம்ப்யூட்டர் விற்க வந்தவர்கள் முன்னால் காலாட்டிக்கொண்டு உட்காரப் போகிறாள்!

முதலில் ஒரு பெண் வந்தாள். லேப்டாப்பைத் திறந்து நிதானமாகக் காட்டினாள். எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பது அசெம்ப்ளியில் இருப்பவர்களுக்கும் அவரவர் திரையில் தெரியுமாம். அதோடு, ஒவ்வொரு பெட்டியும் கம்பெனிக்குள் வந்த தேதியைப் போட்டால்தான் சரக்கு உள்ளே ஏறுமாம்.

"பழைய பெட்டிக்கும் போடணுமா?" என்று இவள் கேட்டாள்.

"எல்லாத்துக்கும் மேடம். பழசு மொதல்ல வெளிய போகணும் இல்லையா? ரப்பரெல்லாம் நாள்பட்டா கெட்டியாயிடுமே. எந்தப் பெட்டி சீலு எந்தப் பம்புக்குப் போச்சுன்னுகூட இதுல பாத்துக்கலாம்."

அவள் படிக்கட்டு அறைச் சாவியை முந்தானைக்குள் இறுக்கி முடிந்துகொண்டாள்.

காரணம் மூன்று வருடத்துக்கு முந்தையது. அப்போது அசெம்ப்ளி சூப்பர்வைசராக இருந்தவன் இன்றைக்கு வெறும் ஃபிட்டர். அக்கா, அக்கா என்று இவளைச் சுற்றி வருகிறவன். மதியம் ஸ்டோர்ஸில்தான் சாப்பாடு. இவள் கணவருக்கு ஆபரேஷன் நடந்தபோது நான்கு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரியில் நின்றவன். உடன்பிறந்த தம்பிகூட ஒரு போனோடு முடித்துக்கொண்டான். அந்த ஃபிட்டர் அன்று ஒரு அவசர ஆர்டருக்கு, பம்பு ஒழுகாமல் இருக்க உள்ளே மாட்டும் ரப்பர் சீல் இருநூறு கேட்டு வந்தான். இல்லை என்றாள். மறுபடி வந்தான். இல்லை. அடுத்த வாரம் பெரிய ஆர்டர் ஒன்று வரப்போகிறது என்று முதலாளி இவள் காதில் போட்டிருந்தார். அதற்காக ஐந்து பெட்டி, இருநூற்றைம்பது சீல், படிக்கட்டு அறையில் இருந்தது. மூன்றாவது முறை அவன் முதலாளியையே கூட்டிக்கொண்டு வந்தான். முதலாளி முகத்தைப் பார்த்தும் பழக்கதோஷத்தில் 'எல்லா இடமும் தேடிட்டேன் சார், இல்லை' என்று வந்துவிட்டது. வந்த சொல்லை எப்படி விழுங்குவது? இருக்கிறது என்று உடனே எடுத்து நீட்டினால், இத்தனை வருடம் சொன்ன எல்லாமே பொய்யாகிவிடாதா? அவள் வாயைத் திறக்கவில்லை. வேலை இரண்டு நாள் நின்றது. ஆர்டர் போயிற்று. முன்கூட்டியே சொல்லி வைக்கத் துப்பில்லை என்று அவன் சூப்பர்வைசர் வேலையைப் பிடுங்கி, மறுபடி சீல் மாட்டும் மேஜையிலேயே நிறுத்தினார்கள். காதில் போட்ட அந்தப் பெரிய ஆர்டர் வரவே இல்லை.

அந்த ஐந்து பெட்டிமேலும் வந்த தேதி அவள் கையெழுத்திலேயே இருந்தது. அவன் கேட்டு வந்த நாளுக்கு நான்கு நாள் முந்தைய தேதி.

இரண்டாவதாக வந்த ஆள் போனிலேயே எல்லாம் முடிந்துவிடும் என்றான். தேதி கிதி எதுவும் கேட்கவில்லை. எத்தனை இருக்கிறது, அவ்வளவுதான். இவளுக்கு அவனைக் கும்பிடலாம் போலிருந்தது.

"இதுதான் சார் நமக்கு லாயக்கு" என்றாள் முதலாளியிடம்.

"ரப்பருக்குத் தேதி வேணாமா?"

"இத்தன வருசமா தேதி பாத்தா ஓட்டுனோம்?"

அவர் யோசித்தார். பிறகு, "நீங்க சொன்னா சரிதான்" என்றார். அப்படி அவர் நம்பியதுதான் அவளைக் குத்தியது. வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று முடிவாயிற்று. அதன்பின் ஸ்டாக் எடுப்பார்கள், படிக்கட்டு அறையையும் திறப்பார்கள். அதற்குள் அறையைக் காலி செய்துவிட வேண்டும். சரக்கைத் தூக்கி எறிய அவளுக்கு மனம் வராது. அதனால் ஃபிட்டர் சீல் கேட்டு வரும்போதெல்லாம் புதுச் சீலோடு பழையதையும் கலந்து கொடுத்தாள். நான்கு பெட்டி போய்விட்டது. ஒன்றுதான் பாக்கி. முதல்முறையாகக் கேட்டதும் கொடுக்கிறாளே என்று அவனுக்கு ஒரே ஆச்சரியம். "என்னக்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கிண்டல் செய்தான்.

கையெழுத்து தள்ளிப்போனது. முதலாளி மூன்று வாரம் ஊரில் இல்லை. இனி அவசரமில்லை என்று கடைசிப் பெட்டியை அறையிலேயே விட்டுவைத்தாள். அவர் திரும்பி வந்த வாரம் முப்பத்தோரு பம்பு திரும்பி வந்தது. எல்லாம் சீல் இருக்கும் இடத்தில் ஒழுகியது. எல்லாம் ஃபிட்டரின் மேஜையில் மாட்டியவை.

முதலாளி அறைக்கு அவளையும் கூப்பிட்டார்கள். மேஜைமேல் கழற்றிய பம்பு ஒன்று கிடந்தது. அவள் சீலை எடுத்து நகத்தால் அழுத்தினாள். ரப்பர் அமுங்கவில்லை. ஓரத்தில் வெடித்திருந்தது. படிக்கட்டு அறைச் சீல்தான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"ரெண்டாவது தடவைப்பா" என்றார் முதலாளி ஃபிட்டரிடம். "அன்னைக்கு ஆர்டரையே விட்ட. இன்னைக்கு இது. இனிமே என்னால முடியாது. மாசக் கடைசியோட நின்னுக்க."

"சார், நான் ஒழுங்காத்தான் மாட்டுனேன்." அவன் இவள் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா. என் வேலை ஒங்களுக்குத் தெரியாதா?"

பேசாமல் நின்றால் போதும், தப்பித்துவிடலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. போன தடவையும் அப்படித்தானே தப்பித்தாள். தன்மீதே அருவருப்பாக இருந்தது. விறுவிறென்று வெளியே போனாள். அவன் முகம் தொங்கிப்போயிற்று. ஐந்து நிமிடத்தில் கடைசிப் பெட்டியோடு திரும்பி வந்து மேஜைமேல் வைத்தாள்.

"அவன் மேல தப்பில்ல சார். நாந்தான் பழைய சீலைக் கலந்து குடுத்தேன். அன்னைக்கும்... அன்னைக்கும் இது இருந்துச்சு சார். இருந்தும் இல்லன்னேன்."

ஃபிட்டர் பெட்டியைத் தன் பக்கம் திருப்பித் தேதியைப் படித்தான். இன்னொரு முறை படித்தான். "மூணு வாட்டி வந்தேனே" என்றான், அவ்வளவுதான்.

முதலாளி படிக்கட்டு அறைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு, "இன்னும் இது எத்தன பம்புல போயிருக்கு?" என்றார்.

"தெரியாது சார். அந்தப் பொண்ணு காட்டுனதுல இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். அதையே வாங்குங்க சார். நான் மாத்திச் சொல்லிட்டேன்."

அதையே வாங்கினார்கள். அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. மூன்று கொட்டகையிலும் எது எங்கே கிடக்கிறது என்று அவளை விட்டால் சொல்ல ஆளில்லை. முதலாளி மறுபடி சூப்பர்வைசராக இருக்கச் சொன்னபோது ஃபிட்டர் முதலில் மறுத்தான். "தெனமும் ஸ்டோர்ஸ்ல போயி நின்னு கேக்கணும் சார். என்னால முடியாது" என்றான். "இனிமே கேக்கவே வேணாம்ப்பா, ஒன் ஸ்க்ரீன்லயே தெரியும்" என்று முதலாளி சொன்னபிறகுதான் ஒப்புக்கொண்டான்.

சாஃப்ட்வேர் நன்றாகவே வேலை செய்தது. ஜன்னலில் வந்து யாரும் சண்டை போடுவதில்லை. அசெம்ப்ளியிலிருந்து வேண்டிய கணக்கு திரையில் வரும், அவள் எடுத்து வைப்பாள், ஆள் வந்து கொண்டுபோவான். மதியம் தனியாகச் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலையிலிருந்தே கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மற்ற கொட்டகைக்காரர்கள் எல்லோரும் பழையபடி ஜன்னலுக்கு ஓடிவந்து வாங்கிப் போனார்கள். அசெம்ப்ளியிலிருந்து அவன் மட்டும் வரவில்லை, ஆளும் அனுப்பவில்லை. பன்னிரண்டு பேரிங் இல்லாமல் அவன் லைன் நான்கு மணிநேரம் நின்றது. அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை. பேரிங்கைத் தட்டில் எண்ணி எடுத்துக்கொண்டு அவளே அசெம்ப்ளிக்கு நடந்தாள்.

"தம்பி, பேரிங் கொண்டாந்திருக்கேன்" என்றாள்.

அவன் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வச்சிட்டுப் போங்க மேடம்" என்றான்.