வழுக்காத தரை

பன்னிரண்டு வருடமாகக் குதிரை லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் குதிரைக்காரர், போன மழையில் ஒரு குதிரை சிமெண்டுத் தரையில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவர். லாயத்துக்குப் புதுத் தரை போட எது நல்லது என்று அவரையே சொல்லச் சொன்னார் முதலாளியம்மா. 

"செங்கல்லு மூத்திரத்துல ஊறும், ரப்பர் பாய் வழுக்குமோ என்னவோ," என்று மனைவியிடம் புலம்பினார்.

"இங்க உக்காந்து கவலைப்பட்டா தெரிஞ்சிடுமா? ஒரு பாயை வாங்கி நனைச்சுப் பாருங்க."

மறுநாள் ரப்பர் பாயை விரித்துத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு அதன்மேல் ஓடினார். வழுக்கவில்லை. பிறகு, எதிலும் பார்த்துப் பார்த்தே கால் வைக்கும் சினைக் குதிரையைப் பிடித்துவந்தார். அது முகர்ந்து பார்த்தது. தயங்கித் தயங்கி நாலு காலையும் வைத்து நின்றது.

"ரப்பரே போட்டுடலாம்மா," என்றார் முதலாளியம்மாவிடம். சொல்லிவிட்டு, எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று, பாயின்மேல் இன்னொரு வாளி தண்ணீரையும் ஊற்றினார்.