மரத்த வயிறும் மரக்காத வாயும்

ஆபரேஷன் செய்த டாக்டரின் பெயரை நோயாளி ஊரெல்லாம் சொல்வார். வலிக்காமல் பார்த்துக்கொண்டவரின் முகம்கூட அவருக்கு ஞாபகம் இருக்காது. மயக்க மருந்து டாக்டர்களே, இந்த வயிற்றெரிச்சல் உங்களுக்கும் உண்டுதானே? பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஓடும் எனக்கு நிறையவே உண்டு.

ஓரகத்திகள்

குன்னம் பக்கம் வெங்காயம் போடும் குடும்பம். மருமகள்கள் இருவருக்கும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருந்தது. கூட இருந்து பார்க்க ஒரே ஆள் போதுமே என்று இருவரும் ஒரே நாளில் வந்து படுத்துவிட்டார்கள். மூத்தவர் செல்விக்கு முதுகில் மெல்லிய குழாய் வைத்து, அதன் வழியே மரத்துப்போகும் மருந்து விட்டேன். இளையவர் மலருக்கு முன்பே முதுகெலும்பில் ஆபரேஷன் நடந்திருந்ததால், முழு மயக்கம் கொடுத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிற்றின் இரண்டு பக்கமும் மரத்துப்போகும் ஊசி போட்டேன்.

மறுநாள் காலை போனால், செல்விக்கு வலியே இல்லை. ஆனால் கால் கனத்துப்போய் எழுந்திருக்க முடியவில்லை. மலருக்கு அடிவயிற்றில் உள்ளுக்குள் சுருக் சுருக்கென்று வலி; இருந்தாலும் வராந்தாவில் நடந்து, வார்டு முழுக்க விசாரித்துவிட்டு வந்திருந்தார். “மருந்தைக் குறைக்கிறேன், கால் சரியாகிவிடும். வலி இல்லைதானே?” என்று செல்வியிடம் கேட்டேன்.

“வயித்துல வலியில்லைங்க டாக்டரம்மா. இவ நடக்குறத நான் படுத்துக்கிட்டே பாக்குறேன் பாருங்க, அதான் வலிக்குது!”

யார் கால்?

ரெட்டிபாளையத்துக்காரர், சிமென்ட் ஆலையில் வேலை. குடலிறக்க ஆபரேஷனுக்காக முதுகில் ஒரே ஊசி. இடுப்புக்குக் கீழே சுத்தமாக உணர்வில்லை. வார்டுக்கு வந்ததும் போர்வைக்குள் கையை விட்டுத் துழாவினார். முகம் மாறிவிட்டது. நர்ஸைக் கூப்பிட்டார்.

“சிஸ்டர், யாரு கால இங்க வச்சிட்டுப் போனது? எடுக்கச் சொல்லுங்க, எனக்கே எடம் பத்தல!”

இருமுங்க ஐயா

இவரைப் பார்த்துத்தான் நான் உண்மையில் பயந்தேன். கோவிந்தசாமி, ஆண்டிமடத்தில் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். காலமெல்லாம் பீடி பிடித்த நெஞ்சு. குடல் அடைத்து, வயிற்றை நீளமாகத் திறக்க வேண்டியதாயிற்று. முதுகில் வைத்த குழாய் நன்றாகத்தான் வேலை செய்தது. படுக்கை விரிப்பை மாற்றும்போது அது உருவிக்கொண்டு வந்துவிட்டது.

நான் போனபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வலிக்குப் பயந்து இருமவில்லை. சளி கட்டி, ஆக்ஸிஜன் இறங்கிக்கொண்டே வந்தது. இன்னும் இறங்கினால் வென்டிலேட்டர்தான். தூக்கம் வரவைக்கும் வலி மருந்து கொடுத்தால் இருமவே மாட்டார். மறுபடி முதுகில் குழாய் வைக்கலாமென்றால் அவரால் குனிந்து உட்கார முடியவில்லை. கடைசியில் ஸ்கேனை வைத்து, தையலின் இரண்டு பக்கமும் ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக முகச்சுளிப்பு தளர்ந்தது. இருமும்போது தையல் இழுக்காமலிருக்க, அவர் மனைவி அஞ்சலை அதன்மேல் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப இருமுங்க ஐயா.”

இருமினார். இன்னொரு முறை, பலமாக. சளி வந்தது, ஆக்ஸிஜன் ஏறியது. என்னை அறியாமல் கை தட்டிவிட்டேன். கோவிந்தசாமி மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் இருமுனா திட்டுவியே. இங்க பாரு, படிச்சவங்க கை தட்டுறாங்க!”

முதுகில் குழாயா, முதுகில் ஊசியா, வயிற்றில் ஊசியா, எது உசத்தி என்று இன்றுவரை என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. வலி நின்ற மறுநிமிஷம் வாய் திறந்துவிடும் என்பதில் மட்டும் மூன்றும் ஒன்றுதான்.