ஐயாவு தின்ற ஓட்ஸும் மாடு குடித்த ஓட்ஸும்

காவிரிப் படுகைக்கு ஓட்ஸைக் கொண்டுவந்தவள் நான்தான். இதை எந்தச் சபையிலும் சொல்வேன். மிகை என்பது எனக்கே தெரியும். கும்பகோணத்துக் கடைகளில் அது எத்தனையோ வருடமாகத் தூசி படிந்து உட்கார்ந்திருக்கிறது. நான் செய்ததெல்லாம் திருவிடைமருதூர்க் கடைத்தெருவில் ஒரு பொட்டலம் வாங்கி, பஸ்ஸில் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து, ஐயாவு என்கிற ஒரே ஒரு மனிதரின் வாய்க்குள் போக வைத்ததுதான். ஆனால் ஐயாவுவைத் தெரிந்தவர்களைக் கேளுங்கள். படுகை முழுவதற்கும் கொண்டுபோவது இதைவிடச் சுலபம் என்பார்கள்.

ஐயாவு எனக்கு எதிர்வீடு. வயது அறுபத்துமூன்று. சொந்தத்தில் மூன்று ஏக்கர், குத்தகைக்கு இரண்டு. மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. வீட்டில் ஐயாவு, அவர் மனைவி கமலாம்பாள், ஒரு பசுமாடு. காலையில் எட்டு இட்லி. ஒன்பதாவது தட்டில் விழும்போது "போதும்" என்பார்; சொல்லிவிட்டு அதையும் தின்பார்.

அவருக்கு ஊரில் பெயர் வாங்கித் தந்தது இட்லி அல்ல, கண். விதைநெல்லை முறத்தில் பரப்பி, நடுவே ஒளிந்திருக்கும் வேற்று ரகத்து மணிகளைப் பொறுக்கி எறிவார். அந்த மணிகளை எங்கள் பக்கம் கலவன் என்போம். பார்க்கிற எனக்கு எல்லாம் ஒரே நெல். அவருக்கோ, சபையில் தப்பான வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து உட்கார்ந்த ஆள் மாதிரி, கலவன் தனியாகத் தெரியும். ஊரில் பாதிப் பேர் விதைக்குமுன் அவரிடம் ஒரு முறம் காட்டிவிட்டுத்தான் நாற்றங்கால் விடுவார்கள்.

போன சம்பாவில் அந்தக் கண் ஏமாற்றிவிட்டது. கதிர் வந்த பிறகு பார்த்தால், அவர் வயலிலேயே நெல் இரண்டு உயரத்தில் நின்றது. குட்டைப் பயிருக்கு நடுவே நெட்டைப் பயிர், சீப்புப் படாத தலை மாதிரி. அவர் பார்த்துக் கொடுத்த இன்னும் இரண்டு வயலிலும் அதே கோலம். யாரும் திட்டவில்லை. "என்ன ஐயாவு, ஒரே வயல்ல ரெண்டு மகசூலா?" என்று ரோட்டில் போகிறவர்கள் கேட்டார்கள். அதற்குத் திட்டே தேவலாம். அன்றிலிருந்து அவர் முறத்தின் முன் உட்காரவில்லை.

சித்திரை முதல் வாரத்தில் கமலாம்பாள் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு உடனே ஆபரேஷன் செய்யலாம், ஆனால் வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்று நாற்பது. "நூத்தைம்பதுக்குக் கீழ வரட்டும், அப்புறம் தேதி தர்றேன்" என்றுவிட்டார் டாக்டர். மாத்திரை கொடுத்தார்கள். நடக்கச் சொன்னார்கள். காலையில் இட்லிக்குப் பதில் ஓட்ஸ், சிறுதானியம் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்கள். ஆனி பிறந்தால் குறுவைக்கு நாற்றங்கால் விட வேண்டும். அதற்குள் கண் திறக்க வேண்டும்.

கமலாம்பாள் அந்தத் தாளோடு என்னிடம் வந்தாள். நான் முப்பத்துநாலு வருடம் கணக்கு டீச்சர். ஊருக்கு எது தெரியாவிட்டாலும் என்னிடம்தான் வரும். அன்றே கடைத்தெருவில் ஒரு பொட்டலம் வாங்கி அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"டீச்சர், இந்த ஓட்ஸை எத்தனை தண்ணில களையணும்?"

எங்கள் ஊரில் தானியம் என்று எது அடுப்படிக்குள் வந்தாலும் முதலில் களைவது வழக்கம். களைந்த கழுநீர் மாட்டுத்தொட்டிக்கு. பொட்டலத்தின் பின்னால் ஏதோ பொடி எழுத்தில் போட்டிருந்தது. என் கண்ணாடியோ வீட்டில் இருந்தது. தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.

"அரிசி மாதிரிதான். மூணு தண்ணி" என்றேன்.

மறுநாள் காலை நானும் போயிருந்தேன். முதல் தண்ணி பால் மாதிரி வந்தது. "எவ்வளவு அழுக்கு பாருங்க டீச்சர்" என்றாள் கமலாம்பாள். இரண்டாவது தண்ணி அதைவிடக் கெட்டி. மூன்றாவது தண்ணியில் பாத்திரத்தில் பாதி காலி. மிச்சத்தை உலையில் போட்டு, வெந்ததும் தட்டை மூடிக் கஞ்சி வடித்தாள். கழுநீர், கஞ்சி எல்லாம் தொட்டிக்குப் போயின. அடியில் நின்றது சுவரொட்டி ஒட்டுகிற பசை.

ஐயாவு ஒரு வாய் வைத்தார். மென்று பார்க்க ஒன்றும் இல்லாததால் சும்மா வைத்திருந்தார்.

"எப்படி இருக்கு ஐயாவு?"

"டாக்டர் சொல்லிட்டாருல்ல டீச்சர். இருக்கிறபடி இருக்கட்டும்."

வெளியே மாடு தொட்டியைக் காலி செய்துவிட்டு, அடியை நக்கி, விளிம்பை நக்கி, கமலாம்பாளைப் பார்த்துக் கத்தியது. நான்கு நாள் இப்படியே. ஐந்தாம் நாள் அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டதுமே அது தொட்டியருகே வந்து நின்றது. ஐயாவு அதை வெகுநேரம் பார்த்தார்.

"கமலா, எனக்குக் குறையுதோ இல்லையோ, மாட்டுக்குச் சர்க்கரை நல்லாக் குறைஞ்சிருக்கும்."

பொட்டலம் தீர்ந்ததும் மறுபடி உபைதுல்லா கடைக்குப் போனேன். உபைதுல்லா ஜெத்தாவில் ஒரு கம்பெனி கேன்டீனில் பதினெட்டு வருடம் சமைத்துவிட்டு வந்தவர். இப்போது கடைத்தெருவில் மளிகை. காலைச் சாப்பாட்டுப் பெட்டிகளுக்கென்றே ஒரு அலமாரி வைத்திருக்கிறார்.

"என்ன டீச்சர், அதுக்குள்ள தீந்துபோச்சா?"

"மூணு தண்ணி களைஞ்சா எவ்வளவு மிஞ்சும் பாய்?"

அவர் கல்லாவைவிட்டு எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

"களைஞ்சீங்களா? அதை ஏற்கெனவே வேகவச்சு, நசுக்கி, காயவச்சுத்தான் பெட்டியில போடறான். நீங்க களைஞ்சது அழுக்கு இல்ல டீச்சர், ஓட்ஸ்."

"கழுநீரெல்லாம் மாட்டுக்குப் போச்சு. பால் நல்லாக் கறக்குது, பாய்."

"கறக்காம? நம்ம ஊர்லயே சத்தான மாடு இப்ப அதுதான்." பிறகு அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். "இந்தாங்க, கார்ன்ஃபிளேக்ஸ். சமைக்கவே வேணாம். பாலை ஊத்துனா முடிஞ்சுது. இதுல தப்பு பண்ண முடியாது."

எங்கள் ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கமலாம்பாள் பெட்டியைப் பிரித்துப் பார்த்தாள். தகடு தகடாக இருந்தது. அவள் கணக்கில் அது மக்காச்சோள அவல். அவல் என்றால் ஊற வேண்டும். அடுப்பிலிருந்து பொங்கின பாலை அப்படியே ஊற்றி, தட்டைப் போட்டு மூடி, மாட்டைக் கறந்துவிட்டு வந்து திறந்தாள். உள்ளே மஞ்சளாக ஒரு கூழ். மறுநாள் ஊறவே விடாமல் செய்கிறேன் என்று, வத்தல் மாதிரி எண்ணெயில் பொரித்தாள். மிளகாய்த்தூளும் உப்பும் தூவினாள். அருமை என்றால் அருமை. நானே ஒரு கிண்ணம் காலி பண்ணினேன். ஐயாவு அதைத் தொட்டுக்கொண்டு, வழக்கமாகத் தின்பதைப்போல் இரண்டு பங்கு தயிர்சாதம் தின்றார்.

"இப்பதான் டாக்டரு சொன்ன சாப்பாடு சரியா அமைஞ்சிருக்கு" என்றார்.

பத்தாம் நாள் சுகாதார நிலையத்தில் விரலில் குத்திப் பார்த்தார்கள். இருநூற்று முப்பத்தெட்டு. மாத்திரை கீழே இழுத்ததைத் தயிர்சாதம் மேலே தள்ளியிருந்தது.

வீட்டுக்கு வந்த ஐயாவு செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்தார். சுவரில் மாட்டியிருந்த முறத்தைப் பார்த்தார். அவருக்கு அது அந்தத் தூரத்தில் ஒரு வெளுத்த வட்டமாகத்தான் தெரிந்திருக்கும்.

"விடு கமலா. இந்த வருஷம் விதையைக் கடையிலயே வாங்கிப்போம்."

ஐயாவு கடையில் விதை வாங்குவது என்பது எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு மறந்துபோவது மாதிரி. கமலாம்பாள் என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. நாளையிலேருந்து நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நானே பாத்துக்கறேன்."

தப்பாகத்தான் நினைத்தேன். இருந்தாலும் மறுநாள் காலை போய் அடுப்படி வாசலில் நின்றேன், சொல்வதற்கு அல்ல, பார்ப்பதற்கு.

அவள் ஓட்ஸைக் களையவில்லை. வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்தாள். ஆறியதும் மிக்ஸியில் அரைத்துப் பொடியாக்கினாள். முந்தினநாள் மோர் நன்றாகப் புளித்திருந்தது; அதில் பொடியைக் கட்டியில்லாமல் கரைத்தாள். ஒரு கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, இரண்டு மோர்மிளகாய். கரைத்ததை ஊற்றிக் கிளறினாள். அரிசிமாவில் அவள் மாமியார் காலத்திலிருந்து அந்த வீட்டில் செய்கிற மோர்க்களிதான். அரிசியை மட்டும் எடுத்துவிட்டாள்.

தட்டில் வைத்ததை ஐயாவு கொஞ்சம் எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். ஒரு வாய் தின்றார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய்.

"இது அரிசி இல்ல."

"இல்லதான்."

"களைஞ்சியா?"

"களையல."

"மாட்டுக்கு?"

"மாட்டுக்குத் தவிடு."

"அப்படின்னா இன்னும் கொஞ்சம் வை."

"டாக்டர் தாள்ல ஒரு கிண்ணம்னு போட்டிருக்கு."

"தாளை எங்க வச்ச?"

"நீங்க தேடிக் கண்டுபிடிக்க முடியாத இடத்துல."

அன்றிலிருந்து அந்த வீட்டில் காலைநேரம் திருவிழாதான். ஒருநாள் ஓட்ஸும் பாசிப்பருப்பும் அரைத்து முருங்கைக்கீரை போட்ட அடை. ஒருநாள் நிறையக் காய் போட்டுச் சாமை உப்புமா. கேழ்வரகு அவலை மோரில் ஊறவைத்து, சின்ன வெங்காயம் கிள்ளிப் போட்டது ஒருநாள். அது சகிக்கவில்லை என்று மாட்டுக்கு வைத்தார்கள். ஓட்ஸ் ருசி கண்ட அந்த மாடும் சகிக்கவில்லை என்றது.

ஐயாவுக்கு இப்போது வேகம் வந்துவிட்டது. தன் கையாலேயே வறுக்க ஆரம்பித்தார். நிறம் சரியாகத் தெரியாததால் வாசனையை வைத்தே இறக்குவார், ஒருநாளும் தீயவில்லை. காலையில் இரண்டு கிலோமீட்டர் நடந்து உபைதுல்லா கடைக்கே போவார். மூன்று கம்பெனி ஓட்ஸை உள்ளங்கையில் கொட்டச் சொல்லிக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார்.

"இது போன வருஷத்துச் சரக்கு, பாய். இது புதுசு. இதுல உமி இருக்கு."

"பெட்டியில தேதி போட்டிருக்கும், ஐயாவு."

"அதைப் படிக்கத்தானே பாய் இத்தனை பாடும்."

உபைதுல்லா தேதியைப் பார்த்தார். ஐயாவு சொன்னது சரியாக இருந்தது. அதன் பிறகு புதுச் சரக்கு வந்தால் உபைதுல்லாவே ஐயாவு வரும்வரை பிரிக்காமல் வைத்திருப்பார் என்று கேள்வி. கேள்வியைக் கிளப்பியவள் நான்தான்.

வைகாசி நடுவில் மறுபடி கண் ஆஸ்பத்திரி. நானும் கூடப் போனேன். ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், "நூத்தி நாப்பத்தி ஒண்ணு" என்றார். "மாத்திரையை ஒழுங்காப் போடறீங்க, நல்லா நடக்கறீங்கன்னு தெரியுது. காலையில என்ன சாப்பிடறீங்க?"

ஐயாவு நெஞ்சை நிமிர்த்தி மோர்க்களியின் பக்குவத்தை வறுப்பதிலிருந்து ஆரம்பித்தார். கடுகு வெடிக்கிற இடத்தில் நர்ஸ் தாளும் பேனாவும் எடுத்தாள். அடுத்த வாரமே தேதி கொடுத்தார்கள். கட்டு அவிழ்த்த அன்று அவர் முதலில் பார்த்தது கமலாம்பாளை. "என்ன, இவ்வளவு நரைச்சிட்ட?" என்று கேட்டார். "எல்லாம் இந்த ஓட்ஸைக் கிண்டித்தான்" என்றாள் அவள்.

தூசி ஆகாது என்று இரண்டு வாரம் முறத்துப் பக்கமே விடவில்லை. ஆனி பிறந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ சைக்கிளில் சொல்லிக்கொண்டு போன காலையில், ஐயாவு கொல்லைவாசலில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கமலாம்பாள் ஏற்கெனவே புடைத்துத் தூசி போக்கிய விதைநெல்லை முறத்தில் கொட்டினாள். நான் முறத்து நெல்லைக் கையால் ஒருமுறை அளைந்துவிட்டுப் பக்கத்தில் மணையைப் போட்டுக்கொண்டேன்.

முதலில் விரல் தயங்கியது. இப்படித் தள்ளினார், அப்படித் தள்ளினார். ஒன்றும் எடுக்கவில்லை. கமலாம்பாள் கையிலிருந்த சொம்பைக் கீழே வைக்காமல் நின்றாள். பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் இறங்கின. ஒரு மணி வெளியே வந்தது. அதைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுச் சுண்டி எறிந்தார். கோழி ஓடிவந்து பொறுக்கியது. அடுத்தது. அதற்கடுத்தது. கமலாம்பாள் சொம்பைக் கீழே வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து உபைதுல்லா வந்தார். புதிதாக ஏதோ பெட்டி, உலர்ந்த பழமெல்லாம் போட்டது, ஐயாவு ருசி பார்க்க வேண்டுமாம்.

"கண்ணு எப்படி டீச்சர் இருக்கு?"

"கண்ணா பாய் அது? ஒரே முறத்துல எழுபத்திரண்டு கலவன். நான் உக்காந்து எண்ணினேன்" என்றேன்.

ஐயாவு முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஒம்போது, பாய். அதுல மூணு டீச்சர் போட்டது."